செமிலிங் ஏ/எல்லும் பின்லாந்து எலியும்

ஒரே ஓர் ஆங்கிலச் சொல்லை வைத்துக்கொண்டு முழு வாழ்க்கையையும் ஓட்டிய மனிதர் மலேசியாவின் கெடா மாநிலத்தில் ஒருவர்தான் இருக்கிறார். அந்தச் சொல் 'டில்ட்'. அந்த மனிதர் செமிலிங் ஊர் டில்ட் அண்ணன். அவர் அந்தச் சொல்லால் அடக்காத ஆள் இல்லை. பாதிரியார், டாக்டர், கல்யாண மேடைப் பேச்சாளர், என் மாமியார் எல்லாரும் அதில் அடக்கம்.

பின்பால் இயந்திரத்தைப் பார்த்தவர்களுக்கு அந்தச் சொல் தெரியும். பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். அது கண்ணாடி மூடிய சாய்வான மேசை. உள்ளே ஓர் இரும்புக் குண்டு ஓடும். அது முட்டுகிற இடமெல்லாம் விளக்கு எரியும், மணி அடிக்கும், மதிப்பெண் ஏறும். குண்டு கீழே உள்ள பள்ளத்தில் விழாமல் இரண்டு துடுப்புகளால் தட்டித் தட்டி மேலே அனுப்ப வேண்டும். அவ்வளவுதான் விளையாட்டு. குண்டு விழப்போகிறதே என்ற ஆத்திரத்தில் மேசையைப் பிடித்து உலுக்கினால் இயந்திரத்துக்குக் கோபம் வந்துவிடும். விளக்கெல்லாம் அணையும். துடுப்பு செத்துப்போகும். பலகையில் 'டில்ட்' என்று எழுத்து வரும். அதோடு அந்தக் குண்டின் கதை முடிந்தது.

அண்ணன் இந்தச் சட்டத்தை மனிதர்களுக்கும் வைத்திருந்தார். யார் அளவு மீறினாலும் டில்ட்.

சுங்கைப்பட்டாணியில் ஒரு கல்யாண விருந்து. மேடையில் ஒருவர் வரவேற்புரை என்று ஆரம்பித்து, வந்தவர்களை எல்லாம் வரவேற்று முடித்து, வராதவர்களையும் வரவேற்கத் தொடங்கிவிட்டார். பிரியாணி ஆறிக்கொண்டிருந்தது. கடைசி மேசையிலிருந்து அண்ணன் எழுந்து "டில்ட்!" என்று ஒரே அதட்டல். அதே விநாடியில் மைக் செத்துப்போனது. யாரோ வயரை மிதித்திருக்கிறார்கள். ஆனால் அன்று முதல் அண்ணன் வாய்க்கு ஒரு சக்தி இருப்பதாக எங்கள் வட்டாரத்தில் பேச்சு பரவிவிட்டது.

அவர் ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிற கத்தோலிக்கர். ஒருநாள் பிரசங்கம் நீண்டுகொண்டே போனது. அண்ணன் மூன்றாவது வரிசையிலிருந்து மிகவும் மரியாதையாக, வாயைப் பொத்திக்கொண்டு, "ஃபாதர், டில்ட்" என்றார். ஃபாதரும் அண்ணன் கடையில் ஆடிப் பழகியவர். சட்டென்று ஆமென் சொல்லி இறங்கிவிட்டார்.

கிளினிக்கில் ஒரு தடவை நானும் கூடப் போயிருந்தேன். டாக்டர் ரத்தத்தைப் பார்த்துவிட்டு, "சீனி கூடியிருக்கு அண்ணே. சோறு கொறைங்க. ரொட்டி சானாய் வேணாம். தே தாரேக் நிறுத்துங்க. கோழி தோலு..." என்று போய்க்கொண்டே இருந்தார்.

"டாக்டர், மேசைய ரொம்ப ஆட்டுறீங்க" என்றார் அண்ணன். "டில்ட் ஆயிடும்."

அவருடைய உண்மையான பெயர் அப்போது எங்களில் யாருக்கும் தெரியாது. அரசாங்க அலுவலகத்தில் அடையாள அட்டையைக் கேட்டால், சீட்டாடுகிறவன் சீட்டைப் பிடிப்பது போல நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக் கொடுப்பார், அப்படியே வாங்குவார். வாய்விட்டுச் சொல்ல முடியாத பெயர் ஏதோ இருக்கிறது என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம். ஆளாளுக்கு ஒரு பெயரை ஊகித்துச் சிரித்துக்கொள்வோம்.

அவர் கடை செமிலிங் கடை வரிசையில் என் டயர் கடைக்கு அடுத்தது. டயர் கடை எனக்குச் சொந்தம் இல்லை, நான் அங்கே ஒட்டுப்போடுகிறவன். ரப்பர் தோட்டத்துப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முடித்ததும் கையில் எடுத்த நெம்புகோலை இன்னும் கீழே வைக்கவில்லை. மூடிப்போன ஒரு கேளிக்கை மையத்திலிருந்து அண்ணன் நான்கு பின்பால் இயந்திரங்களை லோரியில் ஏற்றி வந்தபோது இறக்கி வைக்கக் கை கொடுத்தவன் நான்தான். அன்றிலிருந்து என்னை "டயரு" என்று அழைக்க ஆரம்பித்தார்.

கடைக்குள் செருப்போடு போகக்கூடாது. வாசலில் கழற்றிவிட்டுத்தான் நுழைய வேண்டும். "மண்ணு குண்டுல ஒட்டும்லா. ஒட்டுனா உருளாது. உருளலன்னா உனக்கு ஸ்கோரு இல்ல, எனக்கு மானம் இல்ல" என்பார். பின்பால் எங்கிருந்து வந்தது என்று யாராவது கேட்டால் தயங்காமல் "பின்லாந்து" என்பார். "பேருலயே இருக்குல்ல. பின்னு. லாந்து. அப்புறம் என்னா கேள்வி?"

இவ்வளவு பெருமை பேசுகிறவர் எப்படி ஆடுவார் என்று நீங்கள் நினைக்கலாம். கெடாவிலேயே மோசமான ஆட்டக்காரர் அவர்தான். தினமும் காலையில் கதவைத் திறந்து, சிலுவை போட்டுக்கொண்டு, ஒவ்வோர் இயந்திரத்திலும் ஓர் ஆட்டம் சோதனைக்காக ஆடுவார். குண்டு மேலே போகும், வரும், நேராகப் பள்ளத்தில் விழும். அண்ணனுக்கு ரோஷம் வந்து மேசையை உலுக்குவார். விளக்கு அணையும். தன் கடையில் தினமும் முதல் டில்ட் வாங்குகிறவர் அவரேதான். பக்கத்துக் கடையில் நான் ஷட்டரைத் தூக்கும்போது அந்த இயந்திரம் சாகிற சத்தம் கேட்கும். சரி, அண்ணன் கடை திறந்துவிட்டார் என்று நினைத்துக்கொள்வேன்.

ஒரு காலத்தில் அந்தக் கடையில் நிற்க இடம் இருக்காது. பிறகு எல்லார் கைக்கும் போன் வந்தது. போனிலேயே மீன் பிடிக்கிறார்கள், மிட்டாய் உடைக்கிறார்கள், சண்டை போடுகிறார்கள். பின்பால் ஆட எதற்குச் செருப்பைக் கழற்ற வேண்டும்? கூட்டம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்தது. கடைசியில் கடை வாசலில் குடை விரித்து அப்பம் சுடுகிற சரோஜா அக்காவும் நானும்தான் மிச்சம். அக்காவுக்கு மாவு புளிக்கிற நேரத்தில் பொழுது போகவேண்டும். எனக்கு வேறு காரணம். நான் கூச்சக்காரன். யாராவது பார்த்துக்கொண்டிருந்தால் எனக்குத் துடுப்பு அடிக்க வராது. ஆள் இல்லாத நேரம் பார்த்துத்தான் போவேன். ஆள் இல்லாத நேரம் கூடக்கூட என் ஆட்டமும் கூடியது. கடைக்கு வந்த கெட்ட காலம் எனக்கு நல்ல காலமாக இருந்தது.

கட்டடத்துக்குச் சொந்தக்காரர் ஆ லெக் தவுக்கே. தவுக்கே என்றால் சீன முதலாளி. அவர் அப்பா காலத்தில் எங்கள் தோட்டத்தில் மளிகைக் கடை வைத்திருந்தவர்கள். அதனால் தவுக்கே என்னைவிடத் தெளிவாகத் தமிழ் பேசுவார். ஒருநாள் வந்து வாசலில் நின்றார்.

"அண்ணே, என் மகன் பபிள் டீ கடை போடணும்னு குதிக்கிறான். நான் உங்கள வெரட்ட மாட்டேன். ஆனா காலிக் கடைய வெச்சிக்கிட்டு என்னா செய்யிறது? சீனப் பெருநாள் வரைக்கும் பாக்குறேன். வாசல்ல செருப்பு கெடந்தா கடை ஒங்களுக்கு. செருப்பு இல்லன்னா டீ."

தவுக்கே தினமும் மாலையில் காரில் அந்த வழியாகப் போவார். காரை மெதுவாக விட்டு வாசலைப் பார்ப்பார். அண்ணன் யோசித்தார். மறுநாள் மாலை கடை வாசலில் மலைபோலச் செருப்பு. சரோஜா அக்காவின் பழைய செருப்பு, கோயில் வாசலில் யாரோ விட்டுப்போனது, குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில் கிடந்தது, என் டயர் கடை பூட்ஸ் எல்லாம் வரிசையில் இருந்தன. உள்ளே அண்ணன் மட்டும் நான்கு இயந்திரத்தையும் மாறி மாறித் தட்டி சத்தம் எழுப்பிக்கொண்டிருந்தார்.

தவுக்கே காரை நிறுத்தி இறங்கினார். குனிந்து பார்த்தார்.

"அண்ணே, ஒங்க கடைக்கு நொண்டிங்க மட்டும்தான் வராங்களா? எல்லாம் எடது காலு."

அண்ணன் முதல்முறையாகத் தனக்குத்தானே டில்ட் சொல்லிக்கொண்டார்.

அப்போது வந்து சேர்ந்தான் குமார். முப்பது வயதுக்காரன், கூலிம் ஹைடெக் பூங்காவில் டெக்னீஷியன், பெடோங்கில் வீடு. பழைய பின்பால் இயந்திரத்தில் பொருத்தி இணையத்தோடு இணைக்கிற ஒரு பெட்டி வெளிநாட்டில் கிடைக்கிறது என்று அவன்தான் சொன்னான். ஆடுகிறவரின் மதிப்பெண், எந்தக் குண்டு எத்தனை மணிக்கு எவ்வளவு நேரம் ஓடியது என்பதோடு, அப்படியே உலகப் பலகைக்குப் போகும். மாதம் முழுக்க யார் எவ்வளவு சேர்த்தார்கள் என்று அந்தப் பலகை காட்டும். செமிலிங்கில் ஆடுகிறவன் ஜப்பான்காரனோடு போட்டி போடலாம்.

"ஸ்கோரு எல்லாம் கிளவுட்ல இருக்கும்ணே" என்றான் குமார்.

அண்ணன் வெளியே வந்து ஜெராய் மலையைப் பார்த்தார். கருமேகம் பாதி மலையை மூடியிருந்தது.

"அங்கயா வெக்கப்போறே? சாயங்காலமானா எல்லாம் கரைஞ்சி மெர்போக் ஆத்துல ஓடிடும்லா."

ஆனாலும் பெட்டி வந்தது. குமார் ஒரு விடுமுறை நாள் முழுக்கக் குனிந்து கிடந்து பொருத்தினான். முதல் வாரம் நடந்தது என்ன தெரியுமா? எல்லாரும் கோப்பிக் கடையில் உட்கார்ந்து போனில் அண்ணன் கடையைப் பார்த்தார்கள். "அண்ணே, ஒங்க கடையில யாருமே ஆடல போலருக்கே, போன்ல காட்டுது" என்று அக்கறையாக விசாரித்தார்கள். அண்ணனுக்கு ரத்தம் கொதித்தது. "ஆடலன்னு பாக்குறதுக்கு ஒனக்குப் போனு. வந்து ஆடுறதுக்கு ஒனக்குக் காலு இல்ல!" என்று ஒவ்வொருவராகச் சட்டையைப் பிடித்து இழுத்து வந்தார். அப்படி இழுபட்டு வந்தவர்களில் முதல் ஆள் லோரி மாமா. செம்பனைப் பழ லோரி ஓட்டுகிறவர்.

மாமா ஆடி முடித்ததும் இயந்திரம் பெயர் கேட்டது. பலகையில் ஆங்கில எழுத்துக்கு மூன்றே மூன்று கட்டங்கள். அன்று குமார் வேலைக்குப் போயிருந்தான். சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை.

"என் பேரு வீரசாமிக்கு வீ, ஈ, ஈ போடட்டா?" என்றார் மாமா.

"அது என்னா, ஈ மொய்க்கிற மாதிரி? ஐசியில எப்டி இருக்கோ அப்டியே போடு. நாளைக்கு வெளிநாட்டுலேருந்து பரிசு வரும். பேரு வேற ஐசி வேறன்னா குடுக்க மாட்டான்."

இதைக் கேட்டு யாரும் சிரிக்கவில்லை. பிறப்புப் பத்திரத்தில் கிராணி, அதாவது தோட்டத்துக் குமாஸ்தா, ஓர் எழுத்தை மாற்றி எழுதியதற்காக ஆயுள் முழுக்க அலைகிற ஜனம் நாங்கள். ஐசி என்கிற அடையாள அட்டையில் உள்ளதுதான் வேதம்.

"மூணு கட்டந்தான் இருக்குண்ணே. ஐசியில என் பேரு ரெண்டு வரி."

"மூணு கட்டத்துல அடங்குற மாதிரி ஐசியில என்னா இருக்கு, பாரு."

மாமா அட்டையைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அவர் பெயருக்கும் அவர் அப்பா பெயருக்கும் நடுவில் இருந்தது அது. "ஏ... கோடு... எல்."

"அதுதான்! அரசாங்கமே கட்டத்துக்கு அளவெடுத்து அடிச்சிக் குடுத்துருக்கான் பாரு!"

ஏ/எல் என்றால் அனாக் லெலாக்கி, இன்னாரின் மகன். மலேசியத் தமிழர்கள் அநேகமாக எல்லார் அட்டையிலும் நடுவில் அது நிற்கும். மாமா ஏ/எல் போட்டார். அடுத்து வந்தவரும் ஏ/எல் போட்டார். நானும் ஏ/எல்தான் போட்டேன். சரோஜா அக்கா கையில் இருந்த மாவைத் துடைத்துக்கொண்டு வந்து ஏ/பி போட்டார். இன்னாரின் மகள்.

"நீங்க என்னா அண்ணே போட்டீங்க?" என்று அக்கா கேட்டார்.

"நான் கடைக்காரன். எனக்கு எதுக்கு?" அண்ணன் கட்டங்களை நிரப்பாமலே விட்டுவிட்டார். அவருடைய காலைச் சோதனை ஆட்டம் உலகப் பலகையில் மூன்று சின்னக் கோடுகளாகப் போய் உட்கார்ந்தது. உலகத்திலேயே கடைசி இடம். அதில் அவருக்கு வருத்தம் இல்லை. "கடைசின்னு ஒருத்தன் இருந்தாதானே மத்தவன் மொதல்ல வர முடியும்?"

மாலையில் குமார் கூலிமிலிருந்து வந்து பலகையைப் பார்த்துத் தலையில் கை வைத்தான். செமிலிங் ஆண்கள் அத்தனை பேரும் ஒரே ஆளாகிவிட்டார்கள்.

"அழிச்சிட்டுத் தனித்தனியா போடலாம்ணே."

"எத்தனாவது எடம்?" என்றார் அண்ணன்.

குமார் விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தான். "மாசம் இப்பதானே பொறந்துருக்கு. உலகத்துல ரெண்டாவது."

"அப்ப அழிச்சே, கைய ஒடிப்பேன்."

முதல் இடத்தில் இருந்த ஆளின் எழுத்துகளைக் குமார் படித்தான். "ஈ, எல், ஐ." ஊர், பின்லாந்து. அண்ணன் சுற்றிலும் ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வையில், 'பின்லாந்து என்று நான் சொன்னபோது சிரித்தீர்களே' என்பது இருந்தது. பிறகு லோரி மாமா கூட்டிப் படித்தார். "எலி."

ஓர் எலி நம்மைவிட மேலே இருப்பதா? அன்று மாலையே கடை நிரம்பியது. அதுவரை தனித்தனி ஆளாக இருந்தபோது யாருக்கும் அக்கறை இல்லை. ஏ/எல் தோற்கிறான் என்றதும் ஒவ்வொருவனுக்கும் தன்னையே சொன்னது போல இருந்தது. காலையில் ரப்பர் மரத்தில் பால் வெட்டிவிட்டு மதியச் சாப்பாட்டுக்கு முன் சிலர் வந்தார்கள். இரவு வேலை முடிந்து தொழிற்சாலை பஸ் காலையில் இறக்கிவிட்டதும் சிலர் வந்தார்கள். போனில் பார்த்துக்கொண்டிருந்தவன், "எலி ஏறிட்டான், யாராச்சும் ஓடுங்க!" என்று கோப்பிக் கடையிலிருந்து கத்துவான். பாதி மீ கோரெங்கைத் தட்டில் விட்டுவிட்டு ஓடி வருவார்கள். வாசலில் செருப்பு குவிந்தது. இரண்டு காலும்.

எலி செய்தி அனுப்ப ஆரம்பித்தார். குமார் படித்துச் சொல்வான்.

"ஏ/எல்லுக்குத் தூக்கமே கெடையாதான்னு கேக்குறாருண்ணே."

"ஒன்னத் தாண்டிட்டு தூங்குவான்னு போடு."

இன்னொரு நாள் வேறு கேள்வி. "ஏ/பி யாரு, ஏ/எல்லோட மனைவியான்னு கேக்குறாரு."

சரோஜா அக்கா அப்பச் சட்டியை இறக்கி வைத்துவிட்டு உள்ளே வந்தார். "எந்த எருமைடா அது? என் புருஷன் அந்த ஏ/எல்லுல ஒரு துண்டுதான். அதுவே எனக்குப் போதும். மொத்தத்தையும் என் தலையில கட்டாதீங்க." அக்கா தனி ஆளாக ஏ/எல்லுக்குக் கொஞ்சம் கீழேதான் இருந்தார் என்பதை அப்போது யாரும் கவனிக்கவில்லை. அக்கா கவனித்திருந்தார்.

ஒருநாள் எலியிடமிருந்து நீளமான செய்தி வந்தது. ஏ/எல் விசித்திரமான ஆள். காலையில் களைத்தவன் போல ஆடுகிறான். மாலையில் சண்டைக்காரன் போல ஆடுகிறான். ஆனால் மதிய உணவுக்குப் பிறகு கொஞ்ச நேரம், யாரும் பார்த்துவிடக் கூடாது என்பது போல மெதுவாக, மிக அழகாக ஆடுகிறான். அது எப்படி என்று கேட்டிருந்தார். குமார் இதைப் படித்தபோது எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் டயர் கடையில் போன் அடிக்கிறது என்று சொல்லி வெளியே வந்துவிட்டேன். டயர் கடையில் போன் கிடையாது.

தவுக்கே ஒரு மாலை வந்து வாசலில் செருப்பைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். திருப்தி. தன்னுடையதையும் கழற்றினார். ஓர் ஆட்டம் ஆடினார். கட்டம் வந்ததும் ஏ/எல் போட விரலைக் கொண்டுபோனார்.

"தவுக்கே, ஒங்க ஐசியில அது இல்லியே" என்றார் லோரி மாமா.

"இல்லாட்டி என்னா? நான் அப்பன் இல்லாமலா வந்தேன்?"

கடையே சிரித்தது. அண்ணன் மட்டும் துணியை எடுத்துக்கொண்டு கடைசி இயந்திரத்தின் கண்ணாடியைத் துடைக்கப் போனார். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

சீனப் பெருநாளுக்குக் கொஞ்ச நாள் இருக்கும்போது இடி விழுந்தது. பலகையை நடத்துகிற கம்பெனி எழுதியிருந்தது. இப்படி ஓயாமல் ஆடுகிற மனிதன் உலகத்தில் இல்லை, ஏ/எல் ஓர் இயந்திரம் என்று சந்தேகிக்கிறோம். வரும் சனிக்கிழமை மாலை காமிரா முன்னால் ஏ/எல் அடையாள அட்டையோடு வர வேண்டும். வராவிட்டால் பெயர் அழிக்கப்படும்.

ஏ/எல் போனால் எல்லாரும் மறுபடி தனித்தனி ஆள். தனித்தனி ஆள் போனுக்குத் திரும்பிப்போவான். வாசல் காலியாகும். தவுக்கே நல்லவர்தான், ஆனால் சொன்ன சொல் சொன்னது. பபிள் டீ.

ஏ/எல்லாக யார் உட்காருவது என்று வழக்கு நடந்தது. ஆளாளுக்கு "நான்தான்டா அதிகமா ஆடுனேன்" என்றார்கள். கடைசியில் லோரி மாமா ஒரு முடிவுக்கு வந்தார்.

"கடை அண்ணனோடது. அண்ணனே உக்காரட்டும்."

"முடியாது."

"ஏண்ணே? வெக்கமா? பேருதானே, என்னா பெரிய பேரு, காட்டுங்க..."

"டில்ட்!" என்றார் அண்ணன். மாமா நிற்கவில்லை. எல்லாரும் சேர்ந்துகொண்டார்கள். காட்டுங்க, காட்டுங்க என்று சுற்றி நின்றார்கள். இத்தனை வருடங்களில் அந்தச் சொல் வேலை செய்யாத ஒரே சந்தர்ப்பம் அதுதான். அண்ணன் சட்டைப் பையிலிருந்து அட்டையை எடுத்து இயந்திரத்தின் கண்ணாடி மேல் வைத்தார்.

ஒரே ஒரு பெயர். அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. ஏ/எல் இல்லை, அப்பா பெயர் இல்லை.

"மிஷன் ஹோம்ல வளந்தேன்லா" என்றார். "சிஸ்டருங்க வெச்ச பேரு. பதியப் போன எடத்துல அப்பன் பேரு கேட்டாங்களாம். தெரியாதுன்னு சொன்னாங்களாம். அந்த எடத்துல கோடு போட்டு விட்டுட்டான்."

நாங்கள் இத்தனை காலம் ஊகித்துச் சிரித்த பெயர்களில் எதுவும் அது இல்லை. மிக அழகான பெயர். அதை நான் இங்கே எழுதப் போவதில்லை. டில்ட் வாங்க எனக்கு ஆசை இல்லை.

சனிக்கிழமை மாலை. குமார் டேப்லட்டை முதல் இயந்திரத்தின் மேல் நிறுத்தி வைத்தான். யாரும் யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை, ஆனால் அத்தனை பேரும் வந்திருந்தார்கள். சிலர் தீபாவளிச் சட்டையில். திரையில் கம்பெனிப் பெண் ஒருவர் தெரிந்தார். பக்கத்துக் கட்டத்தில் சாட்சிக்காக எலி. எலி என்று நாங்கள் சொல்லிக்கொண்டிருந்தது கரடி போன்ற ஒரு மனிதர். தாடி திரைக்குள் அடங்கவில்லை.

அந்தப் பெண் கேட்டதைக் குமார் சொன்னான். "இதுல ஏ/எல் யாரு, கைய தூக்கச் சொல்றாங்க."

கடையில் இருந்த அத்தனை ஆணும் கையைத் தூக்கினான். தவுக்கேயும் தூக்கினார். கடைசி வரிசையில் நானும் பாதி தூக்கினேன். அண்ணன் மட்டும் ஓர் ஓரமாக, கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

அந்தப் பெண் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி மாட்டிக்கொண்டார். குமாருக்கு வியர்த்து ஊற்றியது. இது ஓர் ஆளுடைய பெயர் இல்லை, இன்னாரின் மகன் என்று அர்த்தம், எங்கள் ஊரில் எல்லாருக்கும் உண்டு என்று திக்கித் திக்கி விளக்கினான். அவர் கேட்டுக்கொண்டார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"யாரோட மகன்னு கேக்குறாங்க."

ஒவ்வொருவர் வாயிலும் ஒவ்வோர் அப்பாவின் பெயர் இருந்தது. வீரசாமிக்கு ஓர் அப்பா, எனக்கு ஓர் அப்பா, தவுக்கேவுக்கு ஓர் அப்பா. எதைச் சொன்னாலும் ஏ/எல் துண்டு துண்டாகிவிடுவான். குமார் எங்களைப் பார்த்தான். நாங்கள் தரையைப் பார்த்தோம்.

"இவரோட" என்று ஒரு குரல் கேட்டது.

எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தபோதுதான் அது என் குரல் என்று எனக்குத் தெரிந்தது. என் விரல் அண்ணனை நோக்கி நீண்டிருந்தது. அதை எப்படி மடக்குவது என்று எனக்குத் தெரியவில்லை.

"ஆமா, இவரோடதான்" என்றார் லோரி மாமா. அவருக்கு அண்ணனைவிட இரண்டு வயது அதிகம் இருக்கும். "ஆமாலா" என்றார் தவுக்கே. "என்னையும் சேத்துக்குங்க, ஏ/பி" என்று வாசலிலிருந்து கத்தினார் சரோஜா அக்கா.

குமார் மொழிபெயர்த்தான். திரையில் இருவரும் அண்ணனைப் பார்த்தார்கள். அண்ணன் எங்களை ஒரு சுற்றுப் பார்த்தார். நாங்கள் அளவு மீறிவிட்டோம் என்பது அவர் முகத்தில் தெரிந்தது. வாயைத் திறந்தார். "டி..." என்றார். அதற்கு மேல் வரவில்லை. பிடிமானத்துக்குப் பக்கத்து இயந்திரத்தின் விளிம்பை இரண்டு கையாலும் பற்றினார். அந்தக் கை நடுங்கிய நடுக்கத்தில் மேசை ஆடியது. யாரோ ஆட்டத்தைப் பாதியில் விட்டு வந்திருந்த இயந்திரம் அது. விளக்கெல்லாம் அணைந்தது. பலகையில் எழுத்து வந்தது.

டில்ட்.

அவர் சொல்ல முடியாததை இயந்திரம் சொல்லிவிட்டது. பின்லாந்துக் கரடிதான் முதலில் கை தட்டியது.

அந்தப் பெண் சிரித்துக்கொண்டே, குழு என்று ஒரு வகை இருக்கிறது, ஏ/எல் அப்படியே இருக்கட்டும், ஏ/பி மட்டும் தனி ஆள் என்று பதிந்துகொள்கிறேன் என்றார். அடுத்த மாதம் தனி ஆட்கள் பட்டியலில் சரோஜா அக்காவின் இடத்தைப் பார்த்து நாங்கள் ஆடிப்போனது வேறு கதை. தவுக்கே மகன் பபிள் டீ கடையை எதிர் வரிசையில் போட்டான். ஆடிக் களைத்தவர்கள் அங்கே போய்க் குடிக்கிறார்கள்.

ஞாயிறு காலையில் நான் ஷட்டரைத் தூக்கும்போது அடுத்த கடையில் வழக்கம்போல இயந்திரம் சாகிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் லோரி மாமா போனைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்.

"அண்ணே, காலங்காத்தால எவனோ ஏ/எல் பேருல ஆடி மானத்த வாங்கிட்டான். இவ்ளோ கேவலமான ஸ்கோர நான் பாத்ததே இல்ல!"

அண்ணன் குனிந்து கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"குடும்பம்னா அதுல ஒருத்தன் அப்டி இருப்பான்லா" என்றார்.

இப்போது நான் செமிலிங்கில் இல்லை. மகளுக்குப் பக்கத்தில் இருக்கலாம் என்று அலோர் ஸ்டாருக்கு வந்து, மெர்கோங்கில் ஒரு டயர் கடையில் வேலை செய்கிறேன். பக்கத்துக் கடையில் கைப்பேசி உறை விற்கிறார்கள். அங்கிருந்து ஒரு சத்தமும் வராது. அதனால் காலையில் ஷட்டரைத் தூக்கியதும் போனை எடுத்து உலகப் பலகையைப் பார்ப்பேன். முதலில் ஒன்றும் இருக்காது. பிறகு ஏ/எல்லின் வரிசையில் ஒரு மதிப்பெண் வந்து விழும். படு கேவலமான மதிப்பெண். அதைப் பார்த்த பிறகுதான் நான் பசியாறப் போவேன்.